பக்கவாத்தியக்காரர்கள் பாட வந்தபோது: பிளாக் கன்ட்ரி, நியூ ரோடின் ‘ஃபாரெவர் ஹவ்லாங்’

‘ஃபாரெவர் ஹவ்லாங்’ சிடியை வாங்கி வந்து மூன்று நாள் மேலுறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். பயம்தான் காரணம். பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு எனக்கு மிகவும் பிடித்த பிரிட்டிஷ் ராக் குழு. அதன் பாடகர் ஐசக் உட் 2022-ல் விலகிவிட்டார். மிச்சமிருந்த ஆறு பேரும் அவர் இல்லாமல் ஸ்டுடியோவுக்குள் போய் எடுத்து வந்த முதல் ஆல்பம் இது. 2025 ஏப்ரல் 4 அன்று வெளியானது. பிடிக்காமல் போனால் அந்தக் குழுவோடு எனக்கிருந்த உறவே முடிந்தது என்று ஆகிவிடும். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் காலை நைட் ஷிஃப்ட் முடிந்து லண்டன் ஈலிங்கில் வீட்டுக்கு வந்தேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, காபி போட்டுக்கொண்டு, சமையலறையில் இருக்கும் பழைய பிளேயரில் சிடியைப் போட்டேன். பதினோரு பாட்டு, ஐம்பது நிமிஷத்துக்குச் சற்று மேல். முடிந்தபோது காபி ஆறி ஏடு படிந்திருந்தது. திரும்பவும் முதல் பாட்டிலிருந்து போட்டேன். அன்றைக்குத் தூங்கப் போகும்போது மணி பதினொன்றரை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். ஆனால் ஐசக்கின் குரலைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அது இதில் இல்லை. அதைப் போல ஒன்றைச் செய்து பார்க்கவும் இவர்கள் முயலவில்லை. அதுதான் இந்த ஆல்பத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

நான் சின்ன வயதில் கும்பகோணத்தில் ஒன்பது வருஷம் வயலின் கற்றுக்கொண்டேன். சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி வாசிப்பு, மீதிப் பாதி காத்திருப்பு. பாடகர் ஒரு சங்கதி போட்டால் அரை நொடி தள்ளி, நிழல் மாதிரி, கூடவே போக வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நம் வில் கேட்கலாம். அவர் வாயைத் திறந்துவிட்டால் வில் இறங்கிவிட வேண்டும். ஆலாபனையில் நமக்கென்று ஒரு முறை வரும். அதிலும் அவர் போன வழியிலேயே போய்த் திரும்புவதுதான் மரியாதை. ஒருமுறை எங்கள் தெருக் கோவில் உற்சவத்தில் பாட வந்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டாவது கீர்த்தனையோடு எழுந்துவிட்டார். வயலின், மிருதங்கம், கடம் மூவரும் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் மூவரும் தொடர்ந்து வாசிக்கலாமே என்று கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கும் தோன்றவில்லை.

இந்தக் குழுவை நினைக்கும்போதெல்லாம் அந்த மேடை ஞாபகத்துக்கு வரும்.

குழுவைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. 2018-ல் தொடங்கிய குழு இது. பெயருக்கு ஆழமான அர்த்தம் எதுவும் கிடையாது. விக்கிப்பீடியாவில் ஏதோ ஒரு பக்கத்தைத் தானாகத் திறந்து காட்டும் வசதி இருக்கிறதே, அதை அழுத்திப் பிடித்த பெயர். ஏழு பேர் இருந்தார்கள். ஐசக் உட் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். டைலர் ஹைட் பேஸ் கிட்டார், ஜார்ஜியா எலரி வயலின், மே கெர்ஷா கீபோர்டு, லூயிஸ் எவன்ஸ் சாக்ஸபோன், சார்லி வெய்ன் டிரம்ஸ், லூக் மார்க் இன்னொரு கிட்டார். ராக் குழுவில் வயலினும் சாக்ஸபோனும் நிரந்தரமாக இருப்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதல் ஆல்பம் 2021 பிப்ரவரியில் வந்தது. வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்கு இங்கே கொடுக்கும் மெர்குரி பரிசுக்கான குறும்பட்டியலில் அந்த வருஷம் அது இருந்தது.

இரண்டாவது ஆல்பம் ‘ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்’. அதைப் பற்றி நிதானமாகப் பேச எனக்கு இன்னும் வரவில்லை. ஐசக் பாடுவது பாதி பேச்சு. படியேறி ஓடி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல முயல்வதைப் போல இருக்கும். குரல் உடையும். உடைந்த இடத்தில் நிற்காமல் மேலே போகும். மற்ற ஆறு பேரும் அந்தக் குரலின் கூடவே போவார்கள். ‘ஸ்னோ குளோப்ஸ்’ பாட்டில் அவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்க, சார்லியின் டிரம்ஸ் அதோடு சேராமல் தனியே புயலாக அடிக்கும். நான் கற்ற பக்கவாத்திய இலக்கணத்தில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் அந்தக் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான துணை இருந்திருக்க முடியாது.

ஆல்பம் வெளியாக வேண்டிய நாள் 2022 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, ஜனவரி 31, ஐசக் விலகுவதாக அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளாகவே துக்கமும் பயமும் சேர்ந்த ஒரு உணர்வு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கிட்டார் வாசித்தபடி பாடுவது கஷ்டமாக இருக்கிறது என்கிற மாதிரி மிக எளிமையாக எழுதியிருந்தார். நான் அதை 207 பஸ்ஸில் படித்தேன். என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. கோபம் வரவில்லை. அந்தப் பாட்டுகளை ஒவ்வொரு ராத்திரியும் மேடையில் பாடுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது கேட்டவர்களுக்கே ஓரளவு தெரியும். சுற்றுப்பயணம் ரத்தானது. வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது, பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. பாட மேடையில் ஆள் இல்லை.

மிச்சமிருந்த ஆறு பேர் எடுத்த முடிவுதான் இந்தக் கதையில் முக்கியமானது. குழுவைக் கலைக்கவில்லை. பெயரை மாற்றவில்லை. புதிதாக ஒரு பாடகரைத் தேடவில்லை. ஆனால் பழைய பாட்டு ஒன்றைக்கூட இனி வாசிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆல்பத்துப் பாட்டுகளையும் அப்படியே பூட்டி வைத்தார்கள். அந்தக் கோடையில் இசை விழாக்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களுக்குள் ஒரு முழு நிகழ்ச்சிக்கு வேண்டிய புதுப் பாட்டுகளை எழுதி முடித்தார்கள்.

எனக்கு அப்போது அந்த முடிவு வருத்தமாகத்தான் இருந்தது. நம் ஊரில் கீர்த்தனை எல்லாருக்கும் பொது. ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடலாம். பாட வேண்டும், அப்போதுதான் அது உயிரோடு இருக்கும். இவர்களும் அப்படிச் செய்திருக்கலாமே, டைலர் பாடினால் என்ன என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அந்த வரிகள் ஒரே ஒருவருடைய உடம்பிலிருந்து வந்தவை. இன்னொருவர் வாயில் அவை நகலாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் செய்தது சரி என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

இடையில் ஒரு ஆல்பத்தைச் சொல்லாமல் இதற்கு வர முடியாது. 2022 டிசம்பரில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில், அக்ஸ்பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் புஷ் ஹாலில் மூன்று நிகழ்ச்சி வாசித்தார்கள். நான் வேலைக்குப் போகும் 207 பஸ் அதன் வாசல் வழியாகத்தான் போகும். 1904-ல் நடன அரங்காகக் கட்டிய சின்ன மண்டபம். உள்ளே கண்ணாடிச் சரவிளக்குகளும் சுண்ணாம்புப் பூவேலைகளும் உண்டு. மூன்று நிகழ்ச்சிக்கும் மூன்று கற்பனை நாடகங்கள் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வேஷமும் மேடை அலங்காரமும் மாற்றினார்கள். ஒன்று பண்ணை அறுவடை, ஒன்று பேய் உலவும் பீட்சா கடை, இன்னொன்று பள்ளிக்கூட விருந்து நடனம். 2023 பிப்ரவரியில் யூடியூபில் படமாக வந்தது. ஒரே பாட்டின் நடுவே மூன்று நிகழ்ச்சிகளின் காட்சியும் மாறி மாறி வரும். வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் அடுத்த வரியில் விருந்துக்குப் போகிற உடையில் இருப்பார். மார்ச்சில் ‘லைவ் அட் புஷ் ஹால்’ என்று ஆல்பமாகவும் வெளியிட்டார்கள்.

அதில் டைலர், மே, லூயிஸ் மூவரும் பாடினார்கள். மூன்று பேரும் அதுவரை முன்னே நின்று பாடிப் பழகியவர்கள் இல்லை என்பது குரலில் தெரியும். டைலரின் குரல் சில இடங்களில் தன் உயரம் தனக்கே தெரியாத மாதிரி தடுமாறும். அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்திருந்தது. மே ‘டர்பைன்ஸ்/பிக்ஸ்’ பாட்டில் பியானோவோடு தனியாக ஆரம்பிப்பார். கூட்டம் மூச்சுக்கூட விடாது. மற்றவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வருவார்கள். பாடகர் எழுந்து போன மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் உட்கார்ந்தே இருக்கிறார்கள், வாத்தியத்தை உறையில் போடவில்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. ஆனால் அது அவசரத்துக்குச் சமைத்த சாப்பாடு. பசிக்கு ருசித்தது. இனிமேல் வீட்டுச் சமையல் எப்படி இருக்கும் என்ற கேள்வி மட்டும் இருந்துகொண்டே இருந்தது.

சரி, இப்போது ‘ஃபாரெவர் ஹவ்லாங்’.

இதில் லூயிஸ் முன்னணிக் குரலாகப் பாடவில்லை. பாடுவது மூன்று பெண்கள்: டைலர், மே, ஜார்ஜியா. ஜார்ஜியாவுக்கு இது புதிது. புஷ் ஹால் ஆல்பத்தில் அவர் ஒரு பாட்டையும் தலைமையேற்றுப் பாடவில்லை. ஜாக்ஸ்ட்ராப் என்ற இன்னொரு இருவர் குழுவில் அவர்தான் பாடகி, அந்த வேலையே அவருக்கு நிறைய இருந்தது. இங்கே முதல் பாட்டே அவருடையது. ‘பெஸ்டீஸ்’. ஹார்ப்சிகார்டு என்கிற பழைய கீபோர்டு வாத்தியத்தின் கணகண ஒலியோடு ஆரம்பிக்கும். பழைய அரண்மனையில் யாரோ சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவது போல எனக்கு இருந்தது. தோழியிடம் தோழமைக்கு மேலான அன்பு வைத்துவிட்ட ஒரு பெண்ணின் பாட்டு. சந்தோஷமான மெட்டு. சொல்கிற விஷயம் அவ்வளவு சந்தோஷமில்லை.

எழுதியவர்கள் மாறியதும் பாட்டுக்குள் இருக்கும் ஆட்களும் மாறிவிட்டார்கள். ஐசக்கின் பாட்டுகளில் எப்போதும் ஒரு ‘நான்’ இருந்தது. அந்த ‘நான்’ நம் சட்டையைப் பிடித்து உலுக்கும். இங்கே நிறைய ‘அவள்’ இருக்கிறாள். மேரி, நான்சி, குதிரைகளோடு ஊர் ஊராகப் போகும் ஒருத்தி. பெண்களுக்கு இடையே உள்ள சிநேகம், அவர்களுக்கு நடக்கும் கொடுமை, அவர்கள் வெளியே சொல்லாமல் வைத்திருப்பது. மூன்று பேர் தனித்தனியே எழுதியும் எல்லாப் பாட்டும் ஒரே தெருவில் குடியிருப்பவை போல இருக்கின்றன.

‘டூ ஹார்சஸ்’ பாட்டைத்தான் நான் அதிகம் கேட்டேன். ஜார்ஜியா பாடுவது. முதல் பாதி விளம்ப காலம், மெதுவான நடை. கம்பிகளின் மெல்லிய மீட்டல், அதன் மேல் அவர் குரல், வாசலில் உட்கார்ந்து கதை சொல்வது மாதிரி. ஒரு பெண் தன் இரண்டு குதிரைகளோடு போய்க்கொண்டிருக்கிறாள், வழியில் ஒருவனைச் சந்திக்கிறாள், அவனை நம்புகிறாள். அப்புறம் ஒரு இடத்தில் காலம் மாறும். நம் ஊரில் முதல் காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்குப் போனால் தாளம் அப்படியே இருக்கும், உள்ளே ஸ்வரங்கள் இரட்டிக்கும். இங்கே தாளமே எழுந்து ஓட ஆரம்பிக்கிறது. சார்லியின் டிரம்ஸ் குளம்படியாக மாறிவிடும். கேட்கிற நமக்கு உற்சாகமாக இருக்கும், தலையாட்டுவோம். கதையில் அந்த நேரத்தில் நடப்பது வேறு. முடிவில் குதிரைகள் உயிரோடு இல்லை. இரண்டாம் முறை கேட்கும்போது அந்தக் குளம்படி வந்தவுடனே வயிற்றைப் பிசைந்தது.

அடுத்து வரும் ‘மேரி’யில் மூன்று பெண்களும் சேர்ந்து பாடுகிறார்கள். ஆல்பத்தில் மூவரும் சமமாகப் பங்கிட்டுப் பாடும் பாட்டு அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளிடம் சிக்கி வதைபடும் ஒரு பெண், வீட்டில் ஒன்றும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறாள். தாள வாத்தியம் எதுவும் முன்னே வராது. மூன்று குரலும் நெருக்கமாக, ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். மூன்றையும் பிரித்து அடையாளம் காண எனக்கு நாலைந்து தடவை கேட்க வேண்டியிருந்தது. டைலருடையது கனமான குரல், கொஞ்சம் நாடக மேடை. ஜார்ஜியாவுடையது தெளிவானது, வயலினின் மேல் கம்பி மாதிரி. மேயின் குரல்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஊதாமல் விட்ட மூச்சு போல இருக்கும். மூவரும் ஒரே சொல்லில் வந்து சேரும் இடங்களில் யாரும் மற்றவரைவிட ஒரு இழைகூட உயரவில்லை. பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்குத்தான் இப்படிப் பாட வரும். அடுத்தவர் மூச்சைக் கேட்டே பழகிய காதுகள்.

‘ஃபார் தி கோல்ட் கன்ட்ரி’ மேயின் பாட்டு, நீளமானது. போர்வீரன் ஒருவனைப் பற்றி, பழைய ஆங்கில நாட்டுப்பாடல் மாதிரி தணிவாக ஆரம்பித்து, கடைசி நிமிஷங்களில் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து அணை உடைகிற மாதிரி வரும். ‘ஆன்ட்ஸ்’ ஆல்பத்தை நேசித்தவர்கள் இங்கேதான் பழைய வீட்டின் வாசனையை உணர்வார்கள். ‘நான்சி ட்ரைஸ் டு டேக் தி நைட்’ டைலர் பாடுவது. பின்னிப் பின்னிப் போகும் கம்பி மீட்டலில் தொடங்கி மெல்ல மெல்ல இறுகும். டைலரின் பாட்டுகளில் இதுதான் உயர்ந்தது. ‘தி பிக் ஸ்பின்’ சின்னப் பாட்டு, இனிமையானது, அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டு. ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் குழுவுக்கு நிறையச் செய்தவர், தொழில் தெரிந்தவர். ஒவ்வொரு வாத்தியமும் பிசிறில்லாமல் கேட்கிறது. எனக்கு அந்தச் சுத்தம் சில இடங்களில் இடிக்கிறது. புஷ் ஹால் படத்தில் வில்லின் உராய்வு கேட்கும், யாரோ சிரிப்பது கேட்கும். இங்கே எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி வைத்துவிட்டார்கள். சார்லியின் டிரம்ஸ் பல பாட்டுகளில் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ‘ஸ்னோ குளோப்ஸ்’ வாசித்த கைகளை இப்படிக் கட்டி வைக்க வேண்டாமே என்று இருந்தது. லூயிஸின் சாக்ஸபோனும் முன்பைவிடக் குறைவு. அவர் புஷ் ஹாலில் பாடிய ‘அக்ராஸ் தி பாண்ட் ஃப்ரெண்ட்’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூச்சத்தோடு பாடுவார், அந்தக் கூச்சமே அழகு. அந்தக் குரலுக்கு இதில் ஒரு பாட்டாவது கொடுத்திருக்கலாம். மூன்று பெண்களின் குரலாக வைத்ததால் ஆல்பத்துக்கு ஒருமை வந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் இல்லாதது எனக்குத் தெரிகிறது.

பாட்டுகளில் ‘சாக்ஸ்’, ‘சேலம் சிஸ்டர்ஸ்’, ‘ஹேப்பி பர்த்டே’ மூன்றும் டைலருடையவை. மூன்றிலும் மேடை நாடகத்துப் பியானோ, நாலு வரிக்கு ஒருமுறை வேகம் மாறும், மெட்டு திரும்பும். ஒன்று என்றால் ரசிக்கலாம். முதல் பாதியில் ‘சாக்ஸ்’ முடிந்த கையோடு ‘சேலம் சிஸ்டர்ஸ்’ வரும்போது எனக்குக் களைப்பாகிவிடுகிறது. இந்தச் சேலம் நம் சேலம் இல்லை, 1692-ல் பெண்களைச் சூனியக்காரிகள் என்று குற்றம்சாட்டி வழக்கு நடத்திய அமெரிக்க ஊர். சொல்ல வந்தது பலமான விஷயம், பாட்டு அதற்குத் தோதாக நிற்கவில்லை. இப்போதெல்லாம் அதைத் தாண்டி ‘டூ ஹார்சஸ்’ போய்விடுகிறேன்.

தலைப்புப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ‘ஃபாரெவர் ஹவ்லாங்’ பத்தாவது பாட்டு. மே பாடுகிறார். மற்றவர்கள் தங்கள் வழக்கமான வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு ரெக்கார்டர் ஊதுகிறார்கள்.

ரெக்கார்டர் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கற்கும் ஊதுகுழல். நம் புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடிக்காமல் நேரே வாயில் வைத்து ஊத வேண்டும். என் மகள் நாலாம் வகுப்பு. போன செப்டம்பரில் பள்ளியில் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பாலேடு நிறத்தில் பிளாஸ்டிக், மூன்று துண்டாகக் கழற்றலாம், ஒரு துணிப்பை, உள்ளே துடைக்க ஒரு குச்சி. முன்பக்கம் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. கொஞ்சம் பலமாக ஊதினால் ஸ்வரம் எகிறி மேலே குதித்துவிடும். ஒரு விரல் துளியளவு விலகினாலும் கீச்சென்று கத்தும். பிள்ளையின் விரல் நுனியில் துளையின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருக்கும், அவ்வளவு அழுத்திப் பிடிப்பாள். வாயெச்சில் உள்ளே சேர்ந்தால் குரல் கம்மிப் போகும். மூன்று மாதம் எங்கள் வீட்டில் மாலை ஐந்து மணிக்கு மூன்றே ஸ்வரம்தான் கேட்டது.

அந்த வாத்தியத்தைத்தான் இவர்கள் எடுத்திருக்கிறார்கள். வயலினில் கைதேர்ந்தவர், டிரம்ஸில் கைதேர்ந்தவர், எல்லாரும் திரும்பப் போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைக்கப் பழகியிருக்கிறார்கள். அந்த ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு குழல் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கும்போது முழுசாகச் சேராமல் நடுவே ஒரு மெல்லிய அலை அடிக்கும். வயலினில் நாங்கள் இரண்டு கம்பியைச் சுருதி சேர்க்கும்போது, சேருவதற்குச் சற்று முன்னால் கேட்கும் அதே அலை. சேர்ந்துவிட்டால் அலை நின்றுவிடும். இவர்கள் பல இடங்களில் அதை நிற்கவிடவில்லை. வேண்டுமென்றே விட்டார்களா, அவ்வளவுதான் வந்ததா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். அந்த அலைக்கு நடுவில் மேயின் குரல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் வருகிறது. அன்றாட நாளின் சின்னச் சின்னக் காரியங்களையும், தனிமையையும் பேசும் பாட்டு. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் குழல்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்துகிறார்கள். பாடகர் மூச்சு வாங்க நாங்கள் காத்திருப்போம் என்றேனே, இங்கே பாடுகிறவர் வாத்தியக்காரர்களுக்காகக் காத்திருக்கிறார்.

அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2022-ல் பஸ்ஸில் வராத அழுகை.

கடைசிப் பாட்டு ‘குட்பை (டோன்ட் டெல் மீ)’ ஜார்ஜியாவுடையது. லேசாக, நடந்து போகிற வேகத்தில் முடிகிறது. பெரிய உச்சம் எதுவும் வைக்கவில்லை. ‘ஆன்ட்ஸ்’ பன்னிரண்டு நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிற ஒரு பாட்டோடு, எல்லாம் நொறுங்குகிற மாதிரி முடியும். அந்த எதிர்பார்ப்போடு கேட்டால் இது சப்பென்று இருக்கும். எனக்கு முதல் இரண்டு தடவை அப்படித்தான் இருந்தது. இப்போது தலைப்புப் பாட்டுக்குப் பிறகு வேறு எப்படி முடித்திருக்க முடியும் என்று தோன்றுகிறது.

புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்தக் குழுவைத் தெரியாதென்றால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், முன்கதை எதுவும் வேண்டாம். ‘மேரி’, ‘டூ ஹார்சஸ்’, தலைப்புப் பாட்டு மூன்றையும் முதலில் கேளுங்கள், அப்புறம் முழுசாக. பழைய ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நடுவில் புஷ் ஹால் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தப் பாலத்தைத் தாண்டாமல் நேரே வந்தால் இது வேற்று ஊராகத் தெரியும். ஹெட்ஃபோனில் கேட்டால் வாத்தியங்களின் அடுக்கு நன்றாகப் பிரியும். ஆனால் ‘மேரி’யை மட்டும் அறையில் ஸ்பீக்கரில் விட்டுக் கேளுங்கள். மூன்று குரலும் காற்றில் கலந்து வர வேண்டும்.

போன வாரம் மகள் பள்ளிவிட்டு வந்து பையைக் கீழே போடும்போது தலைப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“அம்மா, இது எங்க கிளாஸ் பசங்களா?”

“இல்லடா, பெரியவங்க.”

“பெரியவங்களுக்கும் சரியா வரலையா?”

நான் பதில் சொல்வதற்குள் துணிப்பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து, மூன்று துண்டையும் திருகிச் சேர்த்துவிட்டாள். தனக்குத் தெரிந்த மூன்று ஸ்வரத்தையும் ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். முதல் இரண்டும் பாட்டோடு சேரவில்லை. மூன்றாவது ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. “மறுபடி போடுங்க” என்றாள். போட்டேன். இந்தத் தடவை அந்த இடம் வரும்வரை குழலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.